சான் செபாஸ்டியன்ல எங்க சாப்பிடலாம்?

ஸ்பெயின்ல இருக்கற சான் செபாஸ்டியன் போறீங்கன்னா ஒரே கடையில உக்காந்து வயிறு முட்ட சாப்பிட்டுடாதீங்க, பழைய ஊர் பக்கம் சந்து சந்தா பார் இருக்கு, ஒண்ணுல ரெண்டு பின்ச்சோ (பார்ல தர்ற குட்டி குட்டி தீனி), ஒரு கிளாஸ் சாக்கொலி வைன், உடனே அடுத்த கடைன்னு போய்ட்டே இருக்கணும், அங்க வழக்கமே அதான்.

கில்டா கண்டிப்பா சாப்பிடுங்க. ஆலிவ், நெத்திலி மாதிரி ஆன்சோவி மீன், ஊறவச்ச பச்சை மிளகாய், எல்லாத்தையும் ஒரே குச்சில குத்தி தருவாங்க, உப்பும் புளிப்பும் லேசா காரமுமா நாக்குல சுர்ருன்னு ஏறும்!

கவுன்ட்டர்ல அடுக்கி வச்சத மட்டும் பாக்காதீங்க, போர்டுல எழுதியிருக்கறத கேட்டா சுடச்சுட செஞ்சு தருவாங்க, எனக்கு பிடிச்சதெல்லாம் அதுலதான். லா வின்யாங்கற பார்ல சீஸ்கேக், மேல கருகி உள்ள கொழகொழன்னு, விட்டுடாதீங்க.

ரெஸ்டாரன்ட்ல டின்னர்னா ராத்திரி 9 மணிக்கு மேல போங்க. வாசல்ல நின்னு கூவிக் கூப்பிடுற கடைய மட்டும் தாண்டிப் போயிடுங்க.