பழைய பின்பால் இயந்திரம் வாங்கப் போகும் முன்

சிகாகோவில் கோட்லீப், பாலி, வில்லியம்ஸ் ஆகிய நிறுவனங்கள் ஒரு காலத்தில் செய்து குவித்த பின்பால் இயந்திரங்கள் (சாய்ந்த மேசையில் எஃகுக் குண்டைத் துடுப்புகளால் தட்டி ஆடுபவை) இன்றும் பல அமெரிக்க வீடுகளின் நிலவறைகளில் தூசி படிந்து கிடக்கின்றன. 1992இல் வெளிவந்து 20,000க்கும் மேல் விற்ற ஆடம்ஸ் ஃபேமிலி போன்றவை யானை விலை, குதிரை விலை என்பதால் அவற்றின் பக்கம் நான் போவதில்லை. கைக்கு அடக்கமான விலையில் கிடைப்பவை பெரும்பாலும் 1970களின் ரிலே இயந்திரங்களே; ரிலே எனப்படும் மின்காந்தச் சுவிட்சுகளால் இயங்குபவை அவை. கணினிப் பலகை எதுவும் இல்லாத அவற்றில், தொடுமுனைகளில் படிந்த கரியை மெல்லிய அரத்தால் பொறுமையாகத் தேய்த்தெடுத்தாலே பாதிக் கோளாறுகள் நீங்கிவிடும்.

அதற்குப் பின் வந்த மின்னணு இயந்திரம் என்றால், மேசையின் பின்முனையில் நிமிர்ந்து நிற்கும் பின்பெட்டியைத் திறந்து முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். முதன்முதலில் வாங்கியபோது நான் அதைச் செய்யவில்லை. கசிந்த காரம் பச்சையாகப் பூத்து, சர்க்யூட் போர்டின் செம்புத் தடங்களை அரித்துத் தின்றிருந்தது. “விளக்கெல்லாம் எரிகிறதே” என்றார் விற்றவர். விளக்குகள் எரிந்தது என்னவோ உண்மைதான்.

ரப்பர் வளையங்கள், பல்புகள், ஃபிளிப்பர் (துடுப்பு) காயில்கள் எல்லாம் புதிதாகவே கிடைப்பதால் அவை கெட்டிருந்தாலும் கவலையில்லை. ஆனால் பின்பெட்டியின் முகப்பிலுள்ள பின்கண்ணாடியின் ஓவியம் செதில் செதிலாக உரிந்திருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை.