வாக்குப் பட்டியலின் வரிசை

ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினரின் உதவியாளராக இருப்பவருக்கு அன்றாடம் கைகொடுப்பது ஒரே ஒரு புத்தகம்தான்: நடைமுறை விதிகள். யார் எவ்வளவு நேரம் பேசலாம், திருத்தத்தை எந்த நாளுக்குள் கொடுக்க வேண்டும், எத்தனை பேர் சேர்ந்தால் வாக்கெடுப்பு கேட்கலாம், எல்லாம் அதில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் குமாஸ்தா சமாச்சாரம் போலத் தெரியும். ஆனால் 27 நாடுகளுக்குப் பொதுவான சட்டம் எப்படிப் பிறக்கிறது என்பதை எனக்கு வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டியது அந்தப் புத்தகம்தான்.

அதை எழுதுவதும் நாடாளுமன்றமே. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயல்பாட்டு ஒப்பந்தம் 232ஆம் பிரிவில் அந்த உரிமையைக் கொடுத்துவிட்டு ஒரு நிபந்தனையும் வைக்கிறது: மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரிக்க வேண்டும். இப்போது 720 பேர் இருப்பதால் 361 வாக்கு தேவை. அன்று அவைக்கு வராதவர் எதிர்த்து வாக்களித்தவருக்குச் சமம். விதியில் மாற்றம் வேண்டுமென்றாலும், ஒரு விதிக்கு என்ன பொருள் என்ற குழப்பம் வந்தாலும், முதலில் அது அரசமைப்பு விவகாரக் குழுவுக்குப் போகும்.

இந்த உரிமையை வைத்து நாடாளுமன்றம் என்ன சாதித்தது என்பதைப் படித்த பிறகு எனக்கு வேலையின் மீதே மரியாதை கூடியது. ஆரம்பத்தில் அதற்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது. கருத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். 1979இல் ஐசோகுளுக்கோஸ் என்ற இனிப்புப் பொருள் குறித்த ஒரு விதிமுறையை, நாடாளுமன்றம் கருத்துச் சொல்வதற்கு முன்பே, உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் அமைச்சர்கள் மன்றம் நிறைவேற்றிவிட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 1980இல் அதை ரத்து செய்தது. நாடாளுமன்றம் விட்டுவிடவில்லை. கருத்துச் சொல்லாமல் சட்டம் செல்லாது என்றால், கருத்துச் சொல்வதைத் தள்ளிப்போடுவதே ஒரு பலம் அல்லவா? 1981இல் தன் விதிகளை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. எங்கள் திருத்தங்களைப் பற்றி, வரைவை எழுதிய ஐரோப்பிய ஆணையம் தன் நிலையைச் சொல்லட்டும், அதன் பிறகு இறுதி வாக்கெடுப்பு நடத்துகிறோம் என்பது அதன் சாரம். ஆணையர்களாக முன்மொழியப்படுபவர்களைக் குழுக்களில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பதும் இப்படி வந்ததுதான். ஒப்பந்தம் அதைச் சொல்லவில்லை. நாடாளுமன்றம் தன் விதியில் எழுதிக்கொண்டது. 2004இல் இத்தாலி முன்மொழிந்த ரோக்கோ புட்டிலியோனே அந்த விசாரணைக்குப் பிறகு விலக வேண்டி வந்தது.

சரி, சட்டத்துக்கு வருவோம். வரைவை எழுதிக் கொடுப்பது ஐரோப்பிய ஆணையம். அது உரிய குழுவுக்கு வந்ததும் ஓர் உறுப்பினர் அதைக் குழுவில் வழிநடத்தும் அறிக்கையாளர் ஆவார். மற்ற அரசியல் அணிகள் தங்கள் சார்பில் நிழல் அறிக்கையாளர்களை நியமிக்கும். உறுப்பினர்கள் நாடு வாரியாக அல்ல, அணி வாரியாகத்தான் இயங்குகிறார்கள். ஓர் அணி அமைக்கக் குறைந்தது 7 நாடுகளைச் சேர்ந்த 23 பேர் வேண்டும். எங்கள் உழைப்பில் பெரும்பகுதி இந்த அறிக்கையாளர்கள் கூடும் நிழல் கூட்டங்களில்தான் போகும். நூற்றுக்கணக்கான திருத்தங்களை நான்கைந்து சமரசங்களாகச் சுருக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் உதவியாளர்கள் மட்டும் உட்கார்ந்து ஒரு கமாவுக்காக ஒரு மணி நேரம் வாதாடுவதும் உண்டு.

அதன் பிறகு முத்தரப்புப் பேச்சு. நாடாளுமன்றம், அமைச்சர்கள் மன்றம், ஆணையம் மூன்றும் மூடிய அறையில் உட்காரும். மேசையில் நான்கு பத்தி கொண்ட அட்டவணை இருக்கும். முதல் மூன்றும் அந்த மூன்று தரப்பின் வாசகங்கள். நான்காவது, ஒத்துக்கொண்ட வாசகத்துக்கானது. இன்றைக்குப் பெரும்பாலான சட்டங்கள் முதல் வாசிப்பிலேயே, அதாவது முதல் சுற்றிலேயே, முடிவதற்குக் காரணம் இந்த அறைதான். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. குழுக் கூட்டத்தை யார் வேண்டுமானாலும் இணையத்தில் நேரலையாகப் பார்க்கலாம். சட்டத்தின் கடைசி வடிவம் முடிவாகும் இந்தக் கூட்டத்தைப் பார்க்க வழியில்லை.

அதற்கு ஒரு கடிவாளம் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. ஒரு குழு முத்தரப்புப் பேச்சுக்குப் போகத் தீர்மானித்தால் அதை அவையில் அறிவிக்க வேண்டும். உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் கேட்டால் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தில் இதுதான் நடந்தது. 2018 ஜூலையில் 318க்கு 278 என்ற கணக்கில் அவை குழுவைத் தடுத்தது. செப்டம்பரில் திருத்தங்களோடு மீண்டும் வந்து 438க்கு 226 என்று அனுமதி கிடைத்தது. வெறும் சம்பிரதாயமாகத் தோன்றிய ஒரு விதி, நாடு முழுக்க அல்ல, கண்டம் முழுக்க இரண்டு மாத விவாதத்தைத் திறந்துவிட்டது.

அதே சட்டத்தின் கடைசி நாளைத்தான் புதிதாக வரும் உதவியாளர்களுக்கு நான் எடுத்துச் சொல்வேன். 2019 மார்ச் 26, ஸ்ட்ராஸ்பர்க். சட்டத்தை மொத்தமாக முதலில் வாக்குக்கு விடுவதா, திருத்தங்களை முதலில் எடுப்பதா என்று ஒரு கேள்வி. மொத்தமாக நிறைவேறிவிட்டால் திருத்தங்களுக்கு வேலையே இல்லை. திருத்தங்களை முதலில் எடுக்கலாம் என்றவர்கள் 312, வேண்டாம் என்றவர்கள் 317. ஐந்தே வாக்கு வித்தியாசம். உடனே 348க்கு 274 என்று சட்டம் நிறைவேறியது. பிறகு சிலர், தவறான பொத்தானை அழுத்திவிட்டோம் என்று தங்கள் வாக்கைத் திருத்திக் கொடுத்தார்கள். விதிப்படி அது பதிவேட்டில் ஏறும், முடிவை மாற்றாது. கடுமைதான், ஆனாலும் நான் அந்த விதியின் பக்கம். முடிவு அறிவித்த பிறகு வாக்கை மாற்ற விட்டால் எந்தச் சட்டமும் முடிவுக்கு வராது.

இயற்கை மீட்புச் சட்டத்தில் வேறு விதமாக நடந்தது. 2023 ஜூனில் சுற்றுச்சூழல் குழுவில் 44க்கு 44. சமமாக வந்தால் தோல்வி. ஆகவே சட்டத்தை நிராகரிக்கும்படி பரிந்துரைத்துத்தான் குழு அவைக்கு அனுப்பியது. ஜூலை 12 அன்று அந்த நிராகரிப்பு 312க்கு 324 என்று தோற்றது. அணிகள் புதிதாக எழுதிக் கொடுத்த திருத்தங்களோடு 336க்கு 300 என்று சட்டம் பிழைத்தது. வாக்கெடுப்புக்கு முந்தின இரவு நாங்கள் எல்லோரும் செய்வது ஒரே வேலை: திருத்தங்கள் எந்த வரிசையில் வாக்குக்கு வரும் என்று காட்டும் வாக்குப் பட்டியலை வரி வரியாகப் பார்த்து, எந்தத் திருத்தம் வென்றால் எவை தாமாக விழும் என்று குறித்து, உறுப்பினரின் கையில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் போட்ட தாளைக் கொடுப்பது.

2017 முதல் அவையில் எதையாவது கேட்க உறுப்பினர்களில் எத்தனை பங்கினர் சேர வேண்டும் என்பதற்கு மூன்று அளவுகள்: இருபதில் ஒன்று, பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று. குழுவில் திருத்தம் கொடுக்கத் தனி உறுப்பினரால் முடியும். முழு அவையில் குழுவோ அணியோ கொடுக்க வேண்டும், அல்லது இருபதில் ஒரு பங்கினர் சேர வேண்டும். அதாவது இப்போது 36 பேர். சொந்த அணி ஆதரிக்காத ஒரு திருத்தத்துக்கு அந்த 36 பேரைச் சேர்ப்பதுதான் எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி. கெடு முடிவதற்குள் போர்ச்சுகல் உறுப்பினரின் அறைக்கும் பின்லாந்து உறுப்பினரின் அறைக்கும் ஓட வேண்டும். ஒருவருக்கு மீன்பிடித் துறைமுகங்களைப் பற்றிக் கவலை, இன்னொருவருக்குக் காடுகளைப் பற்றி. இருவருக்கும் அந்தத் திருத்தம் ஏன் வேண்டும் என்று தனித்தனியாக விளக்கிச் சொன்னால், பல சமயம் எதிர் அணியிலிருந்தும் கையெழுத்து கிடைக்கும்.