ஓட வரும் பெண்களின் போனை முதலில் வாங்கிப் பார்ப்பது ஏன்?

எங்கள் குழுவுக்குப் புதிதாக ஓட வரும் பெண்களிடம் நான் முதலில் ஷூவைப் பற்றிக் கேட்பதில்லை. கையில் ஸ்மார்ட் வாட்ச் இருந்தால், "போனைக் கொடுங்க, செட்டிங்ஸ் பார்த்துடலாம்" என்பேன்.

கோவை ரேஸ்கோர்ஸில் இருட்டு விலகும் முன்பே ஓடத் தொடங்கிவிடுவோம். பக்கத்தில் குடியிருப்பவர்கள் வீட்டு வாசலிலேயே வாட்சை அழுத்திவிட்டு வருவார்கள். திரும்பிப் போய் வாசலில் நிறுத்துவார்கள். ஓட்டங்களைப் பதிவு செய்து பகிரும் ஸ்ட்ராவா ஆப்பின் வரைபடத்தில் அது ஒரு கோடாக விழும். கோட்டின் நுனியில் வீடு இருக்கும். கூடவே பெயர், போட்டோ, கிளம்பும் நேரம், எந்தெந்தக் கிழமை வருகிறார் என்பது எல்லாம் இருக்கும். பதிவு பொதுவில் இருந்தால், முன்பின் தெரியாத ஒருவன் வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு பெண்ணின் விடியற்காலையைத் தெரிந்துகொள்ளலாம்.

"இதையெல்லாம் யாரு அக்கா உட்கார்ந்து பார்க்கப்போறாங்க?" என்று கேட்பார்கள். பார்க்கிறார்கள். 2017 நவம்பரில் ஸ்ட்ராவா தன் பயனர்களின் ஓட்டங்களை எல்லாம் சேர்த்து, பெயர் இல்லாத ஓர் உலக வரைபடமாக வெளியிட்டது. இரண்டே மாதத்தில் நேதன் ரூசர் என்ற ஆஸ்திரேலிய மாணவர் அதில் ராணுவ முகாம்கள் தெரிவதைக் கண்டுபிடித்தார். சிரியா, ஆப்கானிஸ்தான் பாலைவனங்களில் வாட்ச் கட்டிக்கொண்டு ஓடியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு வீரர்கள்தான். இருட்டான வரைபடத்தில் முகாமின் சுற்றுப்பாதை தனியே ஒளிர்ந்தது. 2018 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன், தன் வீரர்கள் போர்ப் பகுதிகளில் இருப்பிடம் காட்டும் கருவிகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. 2023 ஜூலையில் ரஷ்யாவின் கிராஸ்னதார் நகரில் முன்னாள் நீர்மூழ்கிக் கப்பல் தளபதி ஒருவர் காலை ஓட்டத்தின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஓடும் பாதைகள் ஸ்ட்ராவாவில் பொதுவில் இருந்தன. நம் நிலைமை வேறுதான். ஆனால் ஒரு பெண்ணைப் பின்தொடர நினைப்பவனுக்கும் அதே கோடு போதும்.

அதனால் முதல் வேலை, பதிவுகளை ஃபாலோயர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றுவது. அடுத்து, தொடக்கமும் முடிவும் மறையும்படி வைப்பது. வீட்டைச் சுற்றி 1.6 கிலோமீட்டர் வரை மறைக்கலாம். அதோடு நான் நிறுத்துவதில்லை. பாதையை மறைத்தாலும் ஓடிய மொத்தத் தூரம் தெரிந்தால் மறைத்த இடத்தைக் கணித்துவிடலாம் என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் காட்டினார்கள். ரேஸ்கோர்ஸ் வந்து சேர்ந்த பிறகு வாட்சை அழுத்துங்கள். வீட்டிலிருந்து வரும் அந்த அரைக் கிலோமீட்டர் கணக்கில் சேராவிட்டால் ஒன்றும் ஆகாது.

இவ்வளவு சொல்வதால் வாட்சே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அடியில் மினுக்கும் பச்சை ஒளியை ரத்தம் உறிஞ்சிக்கொள்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பி வரும் ஒளி கொஞ்சம் மாறுகிறது. அதை எண்ணித்தான் நாடித்துடிப்பைச் சொல்கிறது. ஓய்வுத் துடிப்பு வழக்கத்தைவிட நாலைந்து கூடியிருந்தால் தூக்கம் போதவில்லை, அல்லது காய்ச்சல் வரப்போகிறது என்று எடுத்துக்கொண்டு அன்று நடையோடு நிறுத்திக்கொள்வேன். பெண்கள் தங்கள் உடம்பைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். அந்த ஓர் எண் காலையிலேயே நம்மைக் கவனிக்க வைக்கிறது.

ஓடும்போது மட்டும் அதை முழுதாக நம்ப வேண்டாம். பட்டை தளர்வாக இருந்தால் வாட்ச் சில நேரம் துடிப்புக்குப் பதில் காலடியை எண்ணிவிடும். மெதுவாக ஓடும்போதே 170 காட்டினால் பயப்படாதீர்கள். மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே ஏற்றி இறுக்கிக் கட்டுங்கள். அப்புறம், ஊசி குத்தாமலே சர்க்கரை அளவு சொல்லும் என்று விற்கும் வாட்சை வாங்கவே வாங்காதீர்கள். அப்படி எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து.

இருப்பிடத்தை யாருக்குக் காட்ட வேண்டுமோ அவர்களுக்குத் தாராளமாகக் காட்டுங்கள். ஸ்ட்ராவாவில் பீக்கன் என்ற வசதி இருக்கிறது. நாம் தேர்ந்தெடுக்கும் மூன்று பேர் வரை, நாம் ஓடும்போது எங்கே இருக்கிறோம் என்று நேரலையில் பார்க்கலாம். நான் என் தங்கைக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஞாயிறு புதிதாக வருபவர்கள் போனில் சார்ஜ் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் முன்னதாக வாங்க. இதையெல்லாம் உட்கார்ந்து மாற்றிவிட்டு ஓடலாம்.