வளையல் ரீச்சரின் கை

என் மேசையில் இருக்கும், விரலால் வாசிக்கும் பிரெயில் திரையில் ஒரே தடவையில் 40 எழுத்துக் கூடுகள்தான் எழும்பும். தமிழில் வினை கடைசியில் வருகிறதே, அதனால் முதல் வரியில் ரீச்சரின் பெயரும் வயதும் "நேற்று இரவு" என்பதும் மட்டும் விரலுக்கு அகப்பட்டன. அடுத்த வரிக்குப் பொத்தானை அமத்த முன்பே விளங்கிவிட்டது. எண்பதைத் தாண்டிய ஒருவரைப் பற்றிய செய்தி அப்படித் தொடங்கினால் வேறெப்படி முடியும்?

ரீச்சரைப் பற்றி எழுதப் பள்ளிக்கூட மலர்க்குழு எனக்கு இரண்டு பக்கம் தந்திருக்கிறது. முன்னாள் அதிபர்களுக்கு ஆளுக்கு நாலு. சரி, காதும் கண்ணும் இல்லாத பிள்ளைகளின் கடைசி அறைக்கு எப்போதும் மிச்சம்தானே வரும்.

கடைசி அறைப் பிள்ளைகள் நாங்கள் மிகச் சிலர். ஆனாலும் நடைக்கூடத்துக் கயிறு, மணியடித்தால் வாங்கு அதிர்வது, எல்லோரும் ஒரே கடிதத்தை எழுதிய ஞாயிற்றுக்கிழமைக் கடித நேரம் எல்லாம் உங்களுக்கும் எனக்கும் பொது. நான் முதலில் உங்களோடு காது கேளாதோர் பிரிவில்தான் இருந்தேன். பின்னேரப் படிப்புக்குப் போகும்போது தூணில் மோதுவேன், வாளியில் தடக்குவேன். அதற்குக் கவனயீனம் என்று பெயர் வைத்து முழங்காலில் நிறுத்தியவரை இங்கே பெயர் சொல்ல மாட்டேன். அவருக்கும் நாலு பக்கம் இருக்கலாம்.

அது கவனயீனமில்லை என்று கண்டுபிடித்தவர் வளையல் ரீச்சர். ஒருநாள் பொழுதுபட்ட பிறகு என் முன்னால் நின்று சைகையில் கதைத்துக்கொண்டே கைகளை மெல்ல மெல்ல விலக்கிக்கொண்டு போனார். எந்த இடத்தில் அவர் கைகள் எனக்குக் காணாமல் போகின்றன என்று பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு வைத்தியசாலையில் சொன்ன பெயர் அஷர் நோய்க்கூறு. பிறவியிலேயே காது கேளாது; பிறகு இருட்டில் பார்வை போகும்; பிறகு ஓரப் பார்வை சுருங்கிச் சுருங்கி, குழாய்க்குள்ளால் பார்ப்பது போல நடுவில் மட்டும் ஒரு வட்டம் மிஞ்சும். தாய், தகப்பன் இருவரிடமும் அந்த மரபணு ஒளிந்திருந்தால்தான் பிள்ளைக்கு வரும். இது பரம்பரையாக வருவது என்று சார்ள்ஸ் அஷர் என்ற கண் வைத்தியர் 1914இலேயே காட்டிவிட்டார். செய்தி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துசேரக் கொஞ்சம் பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

வட்டம் மூடிக்கொண்டு வந்த காலத்தில் என்னைக் கடைசி அறைக்கு மாற்றினார்கள். ரீச்சர் வந்தால் முதலில் தன் மணிக்கட்டைத் தருவார். ஒற்றை வளையல், ஓரிடத்தில் நெளிந்தது. வளையல் என்றால் ரீச்சர், திறப்புக்கொத்து என்றால் வார்டன். யாரென்று சொல்லாமல் ஒருவரும் எங்களைத் தொடக்கூடாது என்பது அந்த அறையின் சட்டம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. ரீச்சரின் கை எப்போதும் எங்கள் கைக்குக் கீழே இருக்கும். பிள்ளையின் கையை மேலேயிருந்து பிடித்து இழுத்துப் பொருளில் வைப்பவர்களை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. "உன் கைதான் உனக்குக் கண், உனக்கு வாய். அதைப் பிடித்து வைத்திருக்கிறவனோடு எப்படிக் கதைப்பாய்?" கீழேயிருக்கும் கை சட்டையின் பொத்தானைப் பூட்டும், சைகை செய்யும், மேலேயிருக்கும் எங்கள் கை விரும்பினால் கூடவே போகும், விரும்பாவிட்டால் எடுத்துக்கொள்ளும். பெயர்களையும் சைகையில் இல்லாத சொற்களையும் உள்ளங்கையில் எழுதுவார். கொம்பும் காலும் சுழியும் போட்டு முடிக்க நேரமெடுக்கும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு தட்டு. வேகத்தில் ளகரமும் ழகரமும் ஒன்றாகிவிடும். எது என்று கேட்டால் "யோசி" என்று எழுதுவார்.

எனக்காவது மொழி இருந்தது. சின்னவனுக்கு அதுவும் இல்லை. நினைவிருக்கிறதா, நடைக்கூடத்தில் எதைக் கொடுத்தாலும் எறிவானே, அவன். தாயின் வயிற்றில் இருந்தபோது தாய்க்கு ருபெல்லா என்ற தொற்றுநோய் வந்திருந்தது. கர்ப்பத்தில் வரும் ருபெல்லா பிள்ளையின் கண்ணில் புரை வைக்கும் என்று ஆஸ்திரேலியாவில் நோர்மன் கிரெக் என்ற கண் வைத்தியர் 1941இல் கண்டார். காதையும் இருதயத்தையும் அது கெடுக்கும் என்பதும் சீக்கிரமே தெரியவந்தது. மேடையில் பேசுகிறவர்கள் எல்லோரும் ஹெலன் கெல்லரையும், அவர் முதல் சொல்லை அறிந்துகொண்ட தண்ணீர்க் குழாயையும் இழுப்பார்கள். கெல்லருக்குக் காய்ச்சல் வந்தது 19ஆவது மாதத்தில். அதுவரை கேட்டிருக்கிறார், பார்த்திருக்கிறார். சின்னவனுக்கு அந்த 19 மாதமும் கிடைக்கவில்லை. உலகத்தில் பொருட்களுக்குப் பெயர் உண்டு என்பதல்ல, அடுத்து ஏதோ நடக்கப்போகிறது என்பதே அவனுக்குத் தெரியாது. யாரோ தூக்குகிறார்கள், தண்ணீர் ஊற்றுகிறார்கள், விட்டுவிட்டுப் போகிறார்கள். எறியாமல் என்ன செய்வான்?

ரீச்சர் தச்சரைப் பிடித்து ஒரு நீளப்பெட்டி செய்வித்தார். இடமிருந்து வலமாக அறைகள். கரண்டி, துவாய், ஊஞ்சலின் சங்கிலியில் ஒரு துண்டு. ஒவ்வொரு வேலைக்கு முன்னும் அதற்குரிய பொருளை எடுப்பது, முடிந்ததும் கடைசியில் உள்ள மூடிப்போட்ட பெட்டிக்குள் போடுவது. நெதர்லாந்தில் யான் வான் டைக் என்பவர் 1960களில் ருபெல்லாப் பிள்ளைகளோடு இருந்து உருவாக்கிய முறை என்று பின்னாளில் படித்தேன். எங்களுக்கு அது "சின்னவனின் பெட்டி". பல மாதங்கள் கரண்டியும் பறந்தது, துவாயும் பறந்தது, ஒருதடவை பெட்டியே பறந்தது. ரீச்சர் பொறுக்கி அடுக்குவார்.

அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தேன். என்ன நடக்கிறது என்று எனக்குச் சொல்லப் பஞ்சிப்பட்டு, ரீச்சர் தன் கைக்கு மேலேயே என் விரல்களை வைத்துக்கொள்ள விட்டிருந்தார். அவர் கை பெட்டியின் விளிம்பில் மல்லாந்து கிடந்தது. அசையவேயில்லை. எனக்கு அலுத்தே போனது. திடீரென்று அந்த உள்ளங்கையில், என் விரல் நுனியை உரசிக்கொண்டு, குளிர்ந்த இரும்பு ஒன்று வந்து விழுந்தது. சங்கிலித்துண்டு. எறியவில்லை, தந்தான். ஊஞ்சல் நேரத்துக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. அவனாகவே கேட்கிறான்! ரீச்சர் நேர அட்டவணையை மறந்துவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு ஓடினார். நான் தனியே இருந்தேன், கொஞ்சம் பொறாமையோடு.

இனிப் பரிசளிப்பு விழா. உங்களில் பலர் சபையில் இருந்து கைதட்டியவர்கள், குறை சொல்லவில்லை. எனக்கு அப்போது பதினாறு வயது. பிரெயிலில் வரலாறு படித்து முடித்தவன், மீசை அரும்பியவன். மேடையில் நிறுத்தி, பிரதம விருந்தினர் என் கையில் ஒவ்வொன்றாக வைத்தார்: ஒரு சீப்பு, ஒரு பூட்டு, ஒரு பேனை. சீப்பைச் சீப்பு என்று சொன்னதற்கு மேடைப் பலகை அதிரும்படி கைதட்டல். பிறகு அந்த மனிதர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கூப்பவைத்துச் சபைக்குக் கும்பிடு போடச் செய்தார். மேலேயிருந்து பிடித்து.

இது ஒன்றும் புதிய வழக்கமில்லை என்று தெரிந்தபோது சிரிப்பு வந்தது. 1837இல் பொஸ்ரனில் பார்வையற்றோருக்கான பேர்க்கின்ஸ் பள்ளியில் சேர்ந்த, காதும் கண்ணும் இல்லாத சிறுமி லோரா பிரிட்ஜ்மனைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போயிருக்கிறார்கள்; 1842இல் எழுத்தாளர் டிக்கன்ஸே போய்ப் பார்த்தார். கெல்லரும் அவருடைய ரீச்சர் ஆன் சலிவனும் 1920களில் வித்தைக்காரர்களோடு நாடகக் கொட்டகை மேடைகளில் ஏறினார்கள். நல்ல ஆட்களின் வரிசையில்தான் நின்றிருக்கிறேன்.

ரீச்சர் அன்று எனக்குப் பக்கத்தில் நின்று, விருந்தினரின் பேச்சை ஒன்று விடாமல் கையில் தந்துகொண்டிருந்தார். "கடவுளின் சோதனை என்கிறார். கண்ணைத் துடைக்கிறார். தண்ணீர் குடிக்கிறார். அதிபர் நித்திரை." அழவேண்டிய இடத்தில் சிரித்துவிட்டேன். அடுத்தநாள் பத்திரிகைப் படத்தில் அந்தச் சிரிப்புத்தான் வந்ததாம், நன்றிச் சிரிப்பு என்று. ஆனால் என்னை மேடையேற்றச் சம்மதித்தவரும் அவரேதான். அடுத்த தவணையில் எங்கள் அறைக்குப் பேர்க்கின்ஸ் பிரெயில் தட்டச்சு வந்தது. சீப்புக்கு விலை அது. இரண்டையும் பற்றி அவரிடம் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிரித்தானியாவுக்குப் பயணச்சீட்டு வந்தபோது ரீச்சர் என் கையில் எழுதினார்: "இந்த அறைக்கு அடுத்த ரீச்சர் நீதான் என்று இருந்தேன்." பகிடி என்று எடுத்துக்கொண்டேன். காதும் கண்ணும் இல்லாதவன் படிப்பிப்பதா?

பிரித்தானியாவில் எனக்கு எல்லாம் கிடைத்தது. சிவப்புப் பட்டி போட்ட வெள்ளைப் பிரம்பு, கையில் தொட்டு எழுத்துக்கூட்டிப் பேசத் தெரிந்த வழிகாட்டி, சம்பளம் தரும் வேலை. இங்கே ஆங்கில உயிரெழுத்து ஐந்தும் ஐந்து விரல் நுனியில் இருக்கின்றன. பெருவிரலில் தொடங்கிச் சின்னவிரலில் முடிந்துவிடும், கொம்பு சுழி என்ற கரைச்சல் இல்லை. வழிகாட்டிக்கு மணிக்கணக்கு உண்டு. நேரம் முடிந்தால் கையை எடுத்துக்கொள்வார். அது அவர் பிழையில்லை. தமிழில் என் உள்ளங்கையில் எழுத யாருமில்லை என்பதும் யார் பிழையுமில்லை.

2007 அளவில் சியாட்டலில் ஏஜே கிராண்டா, ஜெலிக்கா நுச்சியோ என்ற இருவர், தாங்களும் எங்களைப் போன்றவர்களே, மொழிபெயர்ப்பாளரை இடையில் வைக்காமல் ஒருவரையொருவர் தொட்டே பேசிக் கூட்டங்கள் நடத்தத் தொடங்கினார்கள். புரோடாக்டைல் என்று இன்று பெயரெடுத்திருக்கும் அந்த முறையில், எங்களைப் போன்றவர்களே எங்களைப் போன்றவர்களுக்குப் படிப்பிக்கிறார்கள். அதை வாசித்த அன்றுதான் ரீச்சர் பகிடி விடவில்லை என்று விளங்கியது. அவருக்குப் பிறகு கடைசி அறைக்கு ஒருவரும் வரவில்லை. இப்போது அது விளையாட்டுச் சாமான் அறை. சின்னவன் தமக்கையோடு வீட்டில் இருக்கிறான், நாற்பது கடந்துவிட்டது. அகப்படுவதை எல்லாம் ஆட்களின் கையில் கொண்டுவந்து வைக்கிறானாம். எதற்கென்று தங்களுக்கு விளங்குவதில்லை என்று தமக்கை எழுதியிருந்தார்.

சங்கம் ரீச்சரின் பெரிய வர்ணப்படமொன்றை மண்டபத்தில் மாட்டப்போவதாகச் சொல்லி என்னிடமும் பணம் கேட்டிருக்கிறது. அனுப்புகிறேன். கடைசி அறைக்காரர் யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை என்பதைப் பொருளாளர் யோசித்தாரோ தெரியவில்லை. திறப்புவிழாவுக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சின்னவனின் வீட்டு விலாசம் என்னிடம் இருக்கிறது, தமக்கையும் சம்மதித்திருக்கிறார். போனால் அவன் கையைப் பிடிக்கவேண்டாம். உங்கள் கையை மல்லாத்தி அவனுக்குக் கிட்ட வைத்துவிட்டு இருங்கள். அரைநாளாவது ஒதுக்கிக்கொண்டு போங்கள். அவன் உடனே வரமாட்டான்.