உறைவதைக் கண்ணால் காட்ட முடியுமா: நான்கு வாரக் குறிப்பு

சின்னக் குழந்தைகளோடு ஐஸ் விளையாட்டு என்றால் பெரும்பாலும் உருகும் பக்கம்தான். ஒரு பொம்மையை ஐஸுக்குள் உறைய வைத்துக் கொடுத்து, "இதை எப்படி வெளியே எடுப்பீங்க?" என்று கேட்பது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் மகளுக்கு நான்கு வயது. அவளோடு மூன்று முதல் ஐந்து வயதுக்குள் இன்னும் மூன்று பேர் சனிக்கிழமைதோறும் வருகிறார்கள்.

முதல் வாரம் அரை லிட்டர் டப்பா நிறையத் தண்ணீர், அதற்குள் ஐந்து பொம்மை விலங்குகள். அளவு தப்பு. நாற்பது நிமிடம் ஆகியும் ஒரு வால்கூட வெளியே வரவில்லை. இருவர் எழுந்தே போய்விட்டார்கள். ஒரு கிராம் ஐஸை உருக்கத் தேவையான வெப்பம், அதே ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து ஏறக்குறைய 80 டிகிரிக்குச் சூடாக்கப் போதுமானது. இது தெரிந்திருந்தும் அரை லிட்டர் வைத்தேன். அப்புறம் சின்னக் கிண்ணத்துக்கு ஒரு விலங்கு என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. கையில் சொட்டுக்குழாய், வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு மரக்கரண்டி. பதினைந்து நிமிடத்தில் யானை வெளியே வந்தது.

அன்று மூன்று வயதுக்காரனிடம் கேட்டேன், "நேத்து நாம ஊத்தின தண்ணி எங்கே போச்சு?"

"ஃபிரிட்ஜ் குடிச்சிடுச்சு."

"அப்போ ஐஸ்?"

"ஃபிரிட்ஜ் குடுத்துச்சு."

அவன் பார்த்ததை வைத்து யோசித்தால் அது மிகச் சரியான பதில். உருகுவதை அவர்கள் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்கிறார்கள். உறைவதைப் பார்ப்பதே இல்லை. மாலையில் தண்ணீர் உள்ளே போகிறது, காலையில் ஐஸ் வெளியே வருகிறது, நடுவில் மூடிய கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் நடப்பதை எப்படியாவது காட்டிவிட வேண்டும் என்று அடுத்த மூன்று வாரத்தை அதற்கே ஒதுக்கினேன்.

இரண்டாவது வாரம்தான் இதுவரை எனக்குப் பிடித்த வாரம். குழந்தையின் இரண்டு கைக்குள் அடங்கும் அளவில் மூன்று பலூன்களில் நீல நிறம் கலந்த தண்ணீரை நிரப்பினேன். ஒன்றை முந்தைய இரவே ஃபிரீசரில் வைத்தேன், ஒன்றை அவர்கள் வருவதற்கு நான்கு மணி நேரம் முன்பு, கடைசியை இரண்டு மணி நேரம் முன்பு. மூன்றையும் மேசையில் வைத்துக் குலுக்கிப் பார்க்கச் சொன்னேன். முழு இரவு இருந்தது கல் மாதிரி. மற்ற இரண்டுக்குள்ளும் தண்ணீர் குலுங்கும் சத்தம். "உள்ளே தண்ணி இருக்கு! வெளியே ஐஸ் இருக்கு!" என்று என் மகள் கத்தியதும் நால்வரும் காதை வைத்துக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

ரப்பரை நான்தான் வெட்டி எடுத்தேன். (பலூன் துண்டு தொண்டையில் சிக்கினால் பெரிய ஆபத்து, ஒவ்வொரு துண்டையும் எண்ணிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் குழந்தைகளிடம் கொடுத்தேன்.) இரண்டு மணி நேரப் பலூனின் ஓடு முட்டை ஓடு மாதிரி மெல்லியது, ஒரு விரல் அழுத்தியதும் உடைந்து தண்ணீர் கொட்டியது. நான்கு மணி நேரத்ததில் ஓடு தடித்திருந்தது. ஓட்டையிட்டுத் தண்ணீரை ஊற்றியதும் உள்ளே குகை. டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குளிர் வெளியிலிருந்து வருவதால் தண்ணீர் ஓரத்தில் முதலில் உறைந்து உள்நோக்கிப் போகிறது என்பதை நான் வாயால் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஓடு கிட்டத்தட்ட வெள்ளை, உள்ளே இருந்த தண்ணீர் மட்டும் அடர்ந்த நீலம் என்பதை ஐந்து வயதுப் பெண் கவனித்தாள். உறையும் தண்ணீர் தன்னில் கலந்திருப்பதை வெளியே தள்ளிவிடும். அதனால் நிறமும் கரைந்த காற்றும் நடுவில் போய்ச் சேர்கின்றன. ஐஸ் கட்டியின் நடுப்பகுதி வெளுத்துத் தெரிவதும் அந்தக் காற்றால்தான். அவளிடம், "நிறத்துக்கு ஐஸுக்குள்ள இடமில்ல, அதான் நடுவுல ஒதுங்கிடுச்சு" என்றேன்.

மூன்றாவது வாரம் ஃபிரீசர் இல்லாமலே மேசை மேல் உறைய வைக்க முயன்றேன். உப்பு கலந்த ஐஸ் 0 டிகிரிக்கும் கீழே உருகும்; உருகுவதற்கான வெப்பத்தைச் சுற்றியுள்ளவற்றிலிருந்து இழுத்துக்கொண்டு மிகவும் குளிர்ந்துவிடும். முதல் முயற்சி தோல்வி. பெரிய கட்டிகளைப் போட்டு ஒரு கரண்டி உப்புத் தூவினேன். இருபது நிமிடம் கழித்தும் பையிலிருந்த தண்ணீர் வெறும் குளிர்ந்த தண்ணீராகவே இருந்தது. இரண்டாவது முறை ஐஸைத் துணியில் கட்டி நன்றாக நொறுக்கி, மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்று கலந்தேன். மெல்லிய பிளாஸ்டிக் பையில் இரண்டு கரண்டித் தண்ணீரை இறுக மூடி உள்ளே புதைத்தேன். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துக் காட்டினேன். முதலில் ஊசி ஊசியாக, அப்புறம் கூழ் மாதிரி, பத்து நிமிடம் தாண்டியதும் விறைப்பான தகடு. "இப்போ ஆகுது, இப்போ ஆகுது" என்று கிசுகிசுத்துக்கொண்டே இருந்தான் மூன்று வயதுக்காரன். ஃபிரிட்ஜ் குடித்தது என்ற பேச்சு அன்றோடு நின்றது.

ஒரு எச்சரிக்கை: உப்பு ஐஸைக் குழந்தைகள் தொடவே கூடாது. தோலைப் புண்ணாக்கும் அளவுக்குக் குளிரும். நான் கையுறை மாட்டிக்கொண்டு செய்தேன். பையை வெளியே எடுத்துத் துடைத்த பிறகே அவர்கள் கைக்குக் கொடுத்தேன். ஃபிரீசரிலிருந்து எடுத்த கட்டியையும் ஐந்து நிமிடம் வெளியே வைத்த பிறகுதான் தருகிறேன், ஈர விரலில் ஒட்டிக்கொள்ளும்.

அதே நாளில் இன்னொன்றும் செய்தோம். பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் மட்டத்தில் டேப் ஒட்டி உறைய வைத்திருந்தேன். ஐஸ் டேப்பைத் தாண்டி மேலே நின்றது. உறையும்போது தண்ணீரின் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். அதனால்தான் கண்ணாடியில் செய்யவில்லை. "தண்ணி அதிகமாயிடுச்சு" என்றார்கள் நால்வரும். தராசில் வைத்து எடை மாறவில்லை என்று காட்டினேன், நம்பவில்லை. ஏறக்குறைய ஏழு வயது வரை குழந்தைகள் அளவைக் கண்ணுக்குத் தெரியும் உயரத்தை வைத்தே முடிவு செய்வார்கள் என்று குழந்தை உளவியலாளர் பியாஜே எழுதியது நினைவுக்கு வந்ததும் விட்டுவிட்டேன். அதை இந்த வயதில் பிடித்து இழுப்பதில் பயனில்லை.

நான்காவது வாரம் சொற்களில் சிக்கினேன். பேச்சில் நாம் ஐஸ் "கரையுது" என்றும் சொல்கிறோம், சர்க்கரை "கரையுது" என்றும் சொல்கிறோம். குழந்தைகளுக்கு இரண்டும் காணாமல் போவதுதான். ஒரு காலித் தட்டில் ஐஸ் கட்டி, இன்னொரு காலித் தட்டில் சர்க்கரை வைத்தேன். ஐஸ் தானாகவே தண்ணீரானது. சர்க்கரை அப்படியே இருந்தது. தண்ணீர் ஊற்றிக் கலக்கிய பிறகே மறைந்தது. "ஐஸ் உருகுது, சர்க்கரை தண்ணிக்குள்ள கரையுது" என்று நானும் இப்போது கவனமாகப் பேசுகிறேன். வாய் தவறினால் மகள் திருத்துகிறாள்.

கடைசியாக மெழுகுவர்த்தி. குழந்தைகளைத் தள்ளி உட்கார வைத்துவிட்டு, தட்டில் சில சொட்டுகள் விட்டேன். கண்ணெதிரே வெளுத்து இறுகின. "இதுவும் உறையுறதுதான்" என்றதும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. உறைவதென்றால் ஜில்லென்று இருக்க வேண்டுமாம். மெழுகு சுமார் 50, 60 டிகிரிக்குக் கீழே வந்தாலே இறுகிவிடும். அதற்கு ஃபிரீசர் எதற்கு? ஆறிய சொட்டைத் தொட்டுப் பார்த்து ஐந்து வயதுக்காரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ மெழுகுக்கு இங்கேயே குளிருதா?"

ஆமாம் என்றேன். அடுத்த சனிக்கிழமைக்கு வெண்ணெயும் சாக்லேட்டும் கேட்டிருக்கிறாள், அவற்றுக்கு எங்கே குளிரும் என்று பார்க்க.