ஒரு நாவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே எழுபத்தொன்பது நாள்

பங்குனி பிறந்த மறுநாள், மார்ச் 15 விடிகாலையில், நாவலின் கடைசி வரியை எழுதி முடித்தேன். பதினான்கு மாத உழைப்பு. ஐந்து அரைக்குயர் நோட்டு, தட்டச்சு செய்தபோது 71,000 சொல். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் முப்பிடாதி என்ற பெண்ணின் கதை. இனி நாளைக் காலையில் அவளைப் பார்க்க முடியாது என்று தோன்றியபோது பேனா அப்படியே கையில் நின்றுவிட்டது.

போன தடவை நான் தவறவிட்டது இந்த இடத்தில்தான். முதல் நாவலை முடித்ததும் கொஞ்சம் ஓய்வு எடுக்கலாம் என்று நோட்டை மூடினேன். அடுத்த நோட்டைத் திறக்க மூன்று வருடம் ஆனது. அதனால் இந்த முறை என்னவெல்லாம் செய்து பார்த்தேன் என்று தேதியோடு குறித்துக்கொண்டே வந்தேன்.

முதலில் ஆந்தனி டிராலப் வழி. ஆங்கில நாவலாசிரியர். பல வருடம் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர், மொத்தம் 47 நாவல். காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதுவாராம். ஒரு நாவலை இன்றைக்கு முடித்தால் அடுத்ததை நாளைக்கே தொடங்கிய அனுபவத்தையும் தன் வரலாற்றில் சொல்லியிருக்கிறார். எனக்கும் அடுத்த கதை மனதில் இருந்தது. கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகும் ஒரு தவசுப்பிள்ளையின் கதை. மார்ச் 16 காலை நாலரைக்கே ஆரம்பித்துவிட்டேன்.

ஒன்பது நாளில் பதினொரு பக்கம். வேகம் நன்றாக இருந்தது. பத்தாம் நாள் உரக்க வாசித்துப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. யார் எது கேட்டாலும் ‘அதுக்கென்ன இப்போ’ என்று ஆரம்பித்துத்தான் என் தவசுப்பிள்ளை பதில் சொல்கிறார். அது முப்பிடாதியின் பேச்சு. எண்ணினேன், பதினோரு பக்கத்தில் ஒன்பது இடம். அவர் உட்காரும் விதம்கூட மடியில் பீடித் தட்டை வைத்திருப்பவள் உட்காரும் விதம். ஆளை மாற்றியும் என் காது மாறவில்லை. டிராலப்புக்கு ஒத்து வந்தது எனக்கு ஒத்து வரவில்லை. அந்தப் பக்கங்களைக் கிழித்து எடுத்துவிட்டேன்.

அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் ஒன்றுமே எழுதவில்லை. இந்த எழுபத்தொன்பது நாளில் மோசமான நாட்கள் அவைதான். பழக்கத்தில் நாலரைக்கு விழிப்பு வந்துவிடும், ஆனால் கை போனுக்குப் போகும். ஐந்தாறு நாள் போனதும் விழிப்பே ஐந்தரைக்கு நகர்ந்தது. எழுதாத நாட்களைவிட, எழுதும் நேரம் கையை விட்டுப் போவதுதான் என்னைப் பயமுறுத்தியது. கதை எப்போதாவது வந்துவிடும். நேரத்தைத் திரும்பப் பிடிப்பதுதான் பெரும்பாடு. அந்த மூன்று வருடம் அதற்குத்தான் போனது.

ஏப்ரல் 11 சாயங்காலம் சேரன்மகாதேவியில் அப்பாவோடு வயலுக்குப் போனேன். தாமிரபரணியிலிருந்து வரும் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். பிசான நெல் அறுத்து முடிந்து அம்பை 16 ரகத்தின் தாள் மட்டும் நிற்கிறது. இனி கார் சாகுபடிக்குத் தண்ணீர் வர ஜூன் ஆகும். வயலில் உரத்துக்காக ஆட்டுக் கிடை போட்டிருந்தார்கள். ராமநாதபுரம் பக்கத்து ஆடுகள், முன்னூறு இருக்கும். சுற்றி வலை கட்டி, குட்டிகளைத் தனியாகக் கூண்டில் மூடி வைத்திருந்தார்கள். முந்தின ராத்திரி கிடை இருந்த இடம் பார்த்தவுடன் தெரிந்தது. மண் கறுத்து, கொட்டிய நல்லமிளகு மாதிரி புழுக்கை, மூக்கைக் குத்தும் மூத்திர நெடி. அதற்கு அடுத்த துண்டில் இன்றைக்கு வலை.

“வயல் சும்மா கெடக்கே, உளுந்தாவது போட்டிருக்கலாம்லப்பா” என்றேன்.

“சும்மா எங்க கெடக்கு? நேத்து வடக்கு மூலை, இன்னைக்கு வரப்போரம். போட்ட எடத்துலயே போட்டா அங்க மட்டும்தான் பயிர் கருகருன்னு வரும், மத்த எடம் வெளுத்துப் போவும்.”

மறுநாளிலிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கணக்கைத்தான். காலை நாலரை மணி, அரைப் பக்கம், முந்தின நாள் கண்ணால் பார்த்தது ஏதாவது ஒன்று. கதை கூடாது. ஒரே இடத்தைப் பற்றி ஒரு வாரத்துக்குள் இரண்டு தடவை எழுதக் கூடாது. சேரன்மகாதேவியிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷன் போகும் பஸ், ரேஷன் கடை வரிசை, பத்தமடையில் கோரைப் பாய்க்குச் சாயம் ஏற்றிக் காயப்போட்டிருந்த திண்ணை. அரைப் பக்கம் என்பது எனக்குச் சரியான அளவு. ஒரு பக்கம் என்றால் நடுவில் கற்பனை நுழைந்துவிடுகிறது. நாலு வரி என்றால் கை சூடேறுவதற்குள் முடிந்துவிடுகிறது.

முப்பிடாதியைத் திருத்தும் வேலையை ஒன்றரை மாதம் தொடவில்லை. தொட்ட பிறகும் ராத்திரியில்தான். காலை நேரத்தைத் திருத்தத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று எழுதுகிற யாரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். திருத்தம் எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தின்றுவிடும், எழுதியது போலவே ஒரு திருப்தியையும் தந்துவிடும்.

அப்புறம் மே 22. வீரவநல்லூரில் சித்தி மகள் கல்யாணத்துக்கு மறுநாள், மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிச் சாப்பாடு. ஆறு மணிக்கே பின்கட்டுச் சமையல் கொட்டகைக்குப் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். தேங்காய்ப் பால் மூன்று தடவை பிழிந்து தனித்தனிப் பாத்திரத்தில் இருந்தது. மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய்கள் வெந்துகொண்டிருந்தன, வேகவைத்த பாசிப்பருப்பு சேர்ந்திருந்தது. முதல் பால் மட்டும் மூடி போட்டு ஓரமாக. அது கடைசியில்தான் போகும், கொதிக்கவும் கூடாது. கொதித்தால் திரிந்துவிடும்.

முதல் பாலை ஊற்றினார்கள். தவசுப்பிள்ளை அண்ணாச்சி வலது கைக் கரண்டியால் துழாவிக்கொண்டே இருந்தார். பார்வை அண்டாவின் விளிம்பில். அங்கே சின்னச் சின்னதாக நுரை கூடியது. இடது கை மட்டும் பின்னால் போய், உள்ளங்கை கீழே பார்க்க, இரண்டு விரல் மடங்கியது. அடுப்புப் பக்கம் நின்ற பையன் சட்டென்று இரண்டு விறகை வெளியே இழுத்தான். கை விரிந்தது. பையன் மிச்சத்தையும் இழுத்துத் தண்ணீர் தெளித்தான். அண்டாவை இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து முடிக்கும்வரை அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பக்கத்தில் இஞ்சித் துவையல் அரைத்தவர்கள்தான் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் அரைப் பக்கம் அந்த இடது கையைப் பற்றி. அதற்கடுத்த நாளும் அதுவே எழுத வந்தது. ஒரே இடம் கூடாது என்ற விதியை அன்றைக்குத்தான் மீறினேன். மூன்றாம் நாளும் மீறினேன். என் தவசுப்பிள்ளை பேசுகிறவர் இல்லை, அவருக்குப் போய் நான் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. மே மாதம் முடியும்வரை நாவல் என்று அதற்குப் பெயர் வைக்காமலே எழுதினேன்.

அரைப் பக்கங்கள் மொத்தம் ஐம்பது சேர்ந்திருந்தன. பாதிக்கு மேல் எதற்கும் ஆகாது. நாவலுக்குள் வரக்கூடியவை ஏழெட்டு. எனக்கு அது நிறைய.

ஜூன் 2. கன்னடியன் காலில் தண்ணீர் வந்திருந்தது. அப்பா மண்வெட்டியோடு வெளியே போகும் சத்தம் கேட்டது. நாலரைக்குப் புது நோட்டைத் திறந்து, பின்னால் போய் மடங்கும் அந்த இரண்டு விரலில் ஆரம்பித்தேன். இன்றோடு பதினான்கு பக்கம் ஆகிறது. அவர் இன்னும் வாய் திறக்கவில்லை.