காட்ஸில்லாவுக்கு எப்படி வெயிட் வந்துச்சுன்னு பாக்க சுகாகவா போன கதை

போன அக்டோபர்ல ஜப்பான் போனப்ப கூட வந்தவங்க எல்லாம் கியோட்டோ கிளம்பிட்டாங்க, நான் மட்டும் ஃபுகுஷிமா பக்கம் சுகாகவாங்கற சின்ன ஊருக்கு டிக்கெட் எடுத்தேன். காட்ஸில்லா படத்துக்கு எஃபெக்ட்ஸ் பண்ண, அப்புறம் டிவில வந்த சூப்பர் ஹீரோ அல்ட்ராமேனையும் உருவாக்கின எய்ஜி ட்ஸுபுராயா 1901ல பொறந்த ஊர். கோரியாமா வரைக்கும் ஷின்கான்சென், அங்கேருந்து லோக்கல் ட்ரெயின்ல பத்து பன்னெண்டு நிமிஷம்தான். ஆனா நான் போய் இறங்கினது செவ்வாய்க்கிழமை, அவர் பேர்ல இருக்கற மியூசியத்துக்கு அன்னைக்குதான் வார லீவு. முன்னாடியே பாத்திருக்கணும், பாக்கல, யாரைத் திட்டறது.

சரின்னு மெயின் ரோட்டுல நடந்தா ஃப்ளாட்ஃபார்ம்ல வரிசையா அல்ட்ராமேன் சிலை, அவன் கூட சண்டை போடற மிருகம் கோமோரா சிலை, காசு தின்ற கானெகோன் சிலை. ஸ்கூல் பசங்க ஏறெடுத்துக்கூட பாக்காம தாண்டிப் போறாங்க, நம்ம தெருமுனைப் பிள்ளையார் மாதிரி பழகிடுச்சு போல.

மறுநாள் மியூசியம். டெட்டேன்னு ஒரு பில்டிங், அஞ்சாவது மாடி, ஃப்ரீ. 1954 படத்து காட்ஸில்லா சூட்டை, அதாவது ஆள் உள்ள போய் நடிக்கற உடுப்பை, திரும்ப செஞ்சு வெச்சிருக்காங்க. கிட்ட போய் பாத்தா தோல் செதில் மாதிரியே இல்ல, தீக்காயம் ஆறி தடிச்சுப்போன தழும்பு மாதிரி இருக்கு. அந்த வருஷம் மார்ச்லதான் பிகினி தீவுல அமெரிக்கா வெடிச்ச ஹைட்ரஜன் குண்டோட கதிரியக்கச் சாம்பல் ஒரு ஜப்பான் மீன்பிடிப் படகு மேல விழுந்துச்சு, நவம்பர்ல படம் ரிலீஸ். தியேட்டர்ல பாத்தவங்களுக்கு அந்தத் தோல் என்னன்னு யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்ல.

ட்ஸுபுராயா கிங் காங் பாத்து மயங்கின ஆளு, அதே மாதிரி ஸ்டாப் மோஷன்லதான், பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமா நகத்தி ஒவ்வொரு ஃப்ரேமா எடுக்கற முறையில, பண்ண ஆசை, ஆனா கையில இருந்தது சில மாசம்தான். அதனாலதான் ஆளுக்கு சூட் மாட்டி விட்டாங்க. கதைப்படி காட்ஸில்லா 50 மீட்டர், சூட் 2 மீட்டர், அப்ப அது இடிக்கற மினியேச்சர் ஊரும் இருபத்தஞ்சுல ஒரு பங்கு. இங்கதான் சிக்கல், சின்ன பில்டிங் சின்ன பில்டிங்காவே டக்குனு விழுந்துடும். கணக்குப்படி பாத்தா நிஜ பில்டிங் விழற நேரத்துல அஞ்சுல ஒரு பங்குதான் ஆகும் (25ஓட வர்க்கமூலம் 5), அதனால செகண்டுக்கு 24 ஃப்ரேமுக்கு பதிலா 120ல எடுத்து 24ல ஓட்டினா சரியா இருக்கும். ஃப்ரேம் கூடினா வெளிச்சமும் நிறைய வேணும், வெளிச்சம் கூடினா சூடு. உள்ள மாட்டிக்கிட்டது ஹருவோ நகாஜிமா. மொதல்ல செஞ்ச சூட் கிட்டத்தட்ட 100 கிலோ, நடக்கவே முடியலைன்னு அதை ரெண்டா வெட்டி கால் ஷாட்டுக்கு வெச்சுக்கிட்டாங்க. ஸ்க்ரீன்ல நமக்கு தெரியற அந்த கனம் பாதி கேமரா, பாதி அந்த மனுஷனோட வேர்வை.

இன்னும் சின்னச் சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. நெருப்பு மூச்சுல உருகற கரண்ட் டவர் மெழுகு. வேற படங்கள்ல மேலேருந்து பாக்கற கடல், நோன்புக்குக் காய்ச்சுவாங்களே கடல்பாசி, அதேதான்.

மதியம் டாக்ஸி பிடிச்சு ஊருக்கு வெளிய இருக்கற ஆர்கைவ் சென்டர். ஷூட்டிங்ல உடையாம தப்பிச்ச மினியேச்சர் எல்லாம் இங்கதான் வந்து சேருது. ஒரு குட்டித் தெரு, நின்னு பாத்தா பொம்மை. அங்கிருந்த பெரியவர் ஒருத்தர் குனின்னு கையால காட்டினார், குத்துக்கால் போட்டு உக்காந்து ஒரு கண்ணை மூடினேன், கரண்ட் கம்பம் தலைக்கு மேல போயிடுச்சு. முட்டி வலிக்கற வரைக்கும் எந்திரிக்கல.

ராத்திரி ரூம்ல காலி பால் டப்பா நாலை அடுக்கி, போனை தரையோட வெச்சு, ஸ்லோமோ 120ல என் கையை பின்னாடி இருந்து கொண்டு வந்தேன். முதல் ரெண்டு செகண்ட் நெஜமாவே பயமா இருந்துச்சு, அப்புறம் விரல்ல கல்யாண மோதிரம் தெரிஞ்சுடுச்சு.